நாலு சக்கரமும் ஒரு மேதாவியும்

என் வீட்டுக்காரித் தாயே,

நீ எழுவதற்குள் நான் வாங்கிய புதுத் தள்ளுவண்டியை லாயத்தில் வெள்ளோட்டம் விட்டேன். ஒற்றைச் சக்கர வண்டிதான் சரிப்படும் என்று நீ சொன்னதுதான் சரி. நாலு சக்கரமும் ஜோராக உள்ளே போயின. குதிரைச் சாணியை நிரப்பியபின் திருப்பத்தான் இடமில்லை. இந்த மேதாவி வாசலை அளந்தான், உள்ளே நடக்கும் பாதையை அளக்கவில்லை. திருப்பாமல் பின்பக்கமாகவே வெளியே இழுத்து வந்தேன். கிழட்டுக் குதிரை தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது.

வண்டியைக் கழுவி, கடையில் மாற்றக் கொண்டுபோகிறேன். தினமும் தள்ளப்போவது நீ. ஒற்றைச் சக்கர வண்டியை நீயே தள்ளிப் பார்த்து எடு. பத்து மணிக்குக் கடை வாசலில் நிற்பேன். நேற்று, “உனக்கென்ன தெரியும்?” என்று கத்தியதற்கு அங்கேயே திட்டிக்கொள்.

முட்டை வேகவைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வா.

பி.கு: குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்தாயிற்று.

இன்னொன்று: “வீட்டம்மா வந்துதான் முடிவு சொல்வாள்” என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லப்போகிறேன். மானத்தைக் காப்பாற்றவாவது வந்துவிடு.