டுவெயினின் கொழுப்பு டப்பா

ஜனவரி 9
இன்று பிடித்த மீன் என் கை நீளம். சரி, முழங்கை வரை. டுவெயினும் ஹார்லனும் வழக்கம்போல உறைந்த ஏரிமேல் நிற்கும் என் குடிலுக்கு வந்து, மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் போட்ட துளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலி கோர்டியுடையது. நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டான். அதை மடக்கி வைக்க எவனுக்கும் கை வரவில்லை.

டுவெயின் காபி டப்பாவில் சேர்த்து வைத்திருக்கும் பன்றிக்கொழுப்பில் மீனைப் பொரித்தான். மூன்று தட்டு தின்றேன். தின்றுகொண்டே முடிவெடுத்தேன்: இந்த இரண்டு பேரையும் சாகவிடப் போவதில்லை.

ஜனவரி 12
என் பேச்சு பிரமாதம். டாக்டரே எழுந்து நின்று கேட்டிருப்பார். இதயத்துக்குப் போகும் குழாய் பதினேழும் எப்படி அடைக்கும் என்று வரைந்தே காட்டினேன். (பதினேழோ, ஏழோ. நிறைய.)

"எட்டாங்கிளாஸோட நின்னவன், எப்போடா ஆர்னி டாக்டரானே?" என்றான் ஹார்லன்.

கொழுப்பில் பொரித்ததுக்குப் பதில் இதைத் தின்னு என்று கேரட்டை நீட்டினேன்.

"தூண்டில்ல மாட்டு. மீன் வேணா திங்கட்டும்" என்றான் ஹார்லன்.

ஜனவரி 16
அவர்கள் வெளியே போன சமயம் பார்த்து டப்பாவைப் பனியில் கவிழ்த்துவிட்டேன். நரி வந்து நக்கியது. ஊருக்குள் ஓநாய் என்று சொல்லியிருக்கிறேன்.

டுவெயின் கத்தவில்லை. காலி டப்பாவைத் துடைத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். "நான் எதைத் திங்கணும்னு சொல்ல நீ யாருடா?" அவ்வளவுதான்.

ஜனவரி 17
வரவில்லை.

ஜனவரி 23
ஹார்லன் தன் பழைய குடிலை எதிர்க்கரைப் பக்கம் இழுத்துப் போய் நிறுத்தியிருக்கிறான். இருவரும் அங்கேதான். புகை தெரிகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் பொரிக்கிற வாசனையும். இங்கே நாலு நாற்காலி, ஒரு ஆள்.

என்னடா தப்பா சொல்லிட்டேன்? சாகாதீங்கன்னுதானே சொன்னேன்?

கடையில் எவனோ கேட்டான், "தனியாவா மீன் பிடிக்கிறே?" என்று. "கூட்டம் தாங்கலப்பா" என்றேன்.

பிப்ரவரி 8
மீன் ஒன்று. உள்ளங்கை அகலம். வேகவைத்தேன். ருசியே இல்லை.

பிப்ரவரி 20
கதவு தட்டும் சத்தம். டுவெயின்! வண்டியை விட்டுவிட்டு ஏரியின் குறுக்கே நடந்தே வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. கோர்டி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. வாயைத் திறந்தேன்.

"பேசாதே."

"பேசல."

கோட்டுக்குள்ளிருந்து அதே காபி டப்பாவை எடுத்தான். உள்ளே நறுக்கிய கேரட்.

"ஹார்லன்கிட்ட மூச்சு விட்டே, இந்தத் துளையிலயே உன்னைத் தள்ளிடுவேன்."

கடித்தோம். குதிரை மாதிரி சத்தம்.

மார்ச் 2
கடையில் ஹார்லன் எதிரே வந்தான்.

"டுவெயின் தினமும் எங்கடா நடந்து போறான்? அங்க நான் ஒருத்தனே துளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

நான் ஜெயித்த கதை நாக்கு நுனி வரை வந்தது. எப்பேர்ப்பட்ட கதை! "தெரியலப்பா" என்றேன். "என் குடில்ல நாற்காலி அப்படியேதான் இருக்கு."

வீட்டுக்கு வந்து கேரட் நறுக்கினேன். மூன்று பேருக்கு.