கடைசி வரிசை டைல்கள்

நவம்பர் 2, ஞாயிறு

முழு டைல்களை எல்லாம் இவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய மனிதர், வெட்டி ஒட்ட வேண்டிய இடத்துக்கு வந்ததும் ஏன் நிறுத்தினார்? எனக்குத் தெரியவில்லை.

அவர் கணக்கு வேலை பார்த்த கம்பனியைக் கோடையில் மூடினார்கள். "சும்மா இருக்கிற நேரம் பாத்ரூமை நானே செய்யிறன்" என்றார் என் கணவர் குகநாதன். செப்டெம்பர் முழுக்க ஒட்டினார். பிறகு ஒருநாள் மத்தியானம் பசை வாளியை மூடிவிட்டுப் போய்ப் படுத்தார். எழும்பவில்லை. சாப்பிட, கழிவறைக்குப் போக எழும்புவார். அதை எழும்புவது என்று சொல்ல முடியாது.

சுவரின் நடுவில் வெள்ளை டைல்கள் மினுங்குகின்றன. ஜன்னலைச் சுற்றியும், குழாயடியிலும், மூலைகளிலும், கூரையோரமும் வெறும் பூச்சு. ஆட்களுக்கு நாரிப் பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் எதிர்வீட்டுப் பிலோமினம்மாவுக்குத்தான் சொன்னேன். இப்போது எங்கள் பகுதி, ரெய்னர்ஸ் லேன் முழுக்க அவருடைய நாரியைப் பற்றி விசாரிக்கிறது. இதுவரை இரண்டு போத்தல் எண்ணெய் வந்திருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

நானே முடிப்பது என்று தொடங்கினேன். டைல் வெட்டும் கட்டர் எளிய சாமான்தான்: கைப்பிடி, அதன் நுனியில் கூரான ஒரு சின்னச் சக்கரச் சில்லு. டைலின் மேல் கோடு கீறி, கைப்பிடியை அழுத்தினால் கோட்டோடு முறிய வேண்டும். முறிந்தது. கோட்டோடு அல்ல.

சுவரும் நேரில்லை. ஜன்னல் பக்கத்து இடைவெளி மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம். கதவு மூலையில் முழு டைலை வைத்துத் தொடங்கியிருக்கிறார். அதனால் மறுமுனையில் விரலகலத் துண்டுதான் மிஞ்சுகிறது. அவ்வளவு ஒடுங்கிய துண்டு வெட்டும்போதே நொறுங்குகிறது. இரண்டாம் வரிசையிலேயே அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டே கடைசிவரை ஒட்டினாரா?

நவம்பர் 8, சனி

பாலேந்திரா அண்ணை வந்தார். இவருடைய பழைய கூட்டாளி, ஜேர்மனியிலிருந்து வந்து ஹரோவில் கடை வைத்திருப்பவர். கையில் நாரிக்குக் கட்டும் பெல்ட்.

"ஜேர்மன் சாமான், தங்கச்சி. இதைக் கட்டினா யானையும் எழும்பும்."

படியடியில் நின்று மேலே பார்த்து, "டேய் குகன்! என்னடா, பிள்ளை பெத்த மாதிரிப் படுத்திருக்கிறாய்?" என்று கத்தினார். குளிசை போட்டு நித்திரை என்றேன்.

"நாரிக்காரன் இப்பிடிச் சத்தமில்லாமல் கிடக்க மாட்டானே. ஊரைக் கூட்டியெல்லோ அனுங்குவான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்து ஒரே நாளில் சுவரை முடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். குளியலறைக்குப் பக்கத்து அறையில்தானே இவர் படுத்திருக்கிறார். கதவைத் திறந்து பார்த்தால்? சவரம் செய்யாத முகத்தையும், பகலிலும் மூடிய திரையையும் எந்த நாரிக் கணக்கில் சேர்ப்பது?

"நீர் சரியான கெட்டித்தனக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டு மாதிரி இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஒன்று நடந்தது. குழாயடி டைலுக்குக் கடதாசியில் அச்சு வெட்டி வைத்துவிட்டு, அதற்கு முன் ஒரு நேர்த்துண்டு வெட்டப் பார்த்தேன். ஆழமாக விழட்டும் என்று ஒரே கோட்டை இரண்டு மூன்று தரம் கீறினேன். சுவருக்கு அப்பாலிருந்து அவருடைய குரல்:

"ஒருக்காத்தான் கீற வேணும்."

அப்படியே நின்றுவிட்டேன். புது டைல் எடுத்து, ஒரே தரம், அழுத்திக் கீறினேன். முறித்தேன். கோட்டோடு முறிந்தது.

"சரியோ?" என்று அவர் கேட்கவில்லை. "சரி வந்திட்டுது" என்று நானாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

நவம்பர் 10, திங்கள்

வந்து பாருங்கோ என்று கூப்பிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இவருக்கு ஷவர் சரிவராது. வாளியில் அள்ளி ஊற்றினால்தான் குளித்த மாதிரி என்பார். பழைய சுவர் ஊறி உதிர்ந்ததே அதனால்தான். இப்போது வாளி காய்ந்து கிடக்கிறது.

நவம்பர் 12, புதன்

குழாயடி, மூலைகள், ஜன்னலோரம் எல்லாம் முடிந்தது. விரலகலத் துண்டுகளை வெட்டாமல், குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுத்து, ஓரத்தைத் தேய்த்து ஒட்டினேன். வடிவில்லை. ஆனால் நிற்கிறது. இனிக் கூரையோரத்துக் கடைசி வரிசை மட்டும்தான்.

சோறு கொண்டுபோய் வைத்தபோது அதைச் சொன்னேன். முகட்டைப் பார்த்தபடி, அமைதியாக, ஏறக்குறைய அன்பாகச் சொன்னார்:

"நல்லது. அது முடிஞ்சா உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வீட்டை விக்கிறதெண்டாலும் லேசு."

ஏன் வீட்டை விற்க வேண்டும் என்று கேட்டேன். "சும்மா சொன்னனான்."

உமக்கு என்றார். எங்களுக்கு என்று சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவள். வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு அதற்குத்தான் சம்பளம். இது என் சந்தேகம்தானா? வெறும் சந்தேகமாகவே இருக்கட்டும்.

நவம்பர் 13, வியாழன்

கடைசி வரிசையைத் தொடவில்லை. பசை தீர்ந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பசை அரைவாளி இருக்கிறது. அந்தச் சுவர் முடியக்கூடாது. இதை எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. முடியக்கூடாது.

பின்னேரம் அப்டன் பார்க்கிலிருந்து அவருடைய அக்கா நகுலேஸ்வரி போன் எடுத்தா. ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனை செய்வோம், தம்பியைக் காரில் ஏற்றிக் கொண்டுவா என்றா. ஏலாது என்றேன். நாரிக்குக் குஷன் வைத்துக் கூட்டிக்கொண்டு வரலாமே என்றா.

"அக்கா, அவருக்கு நாரி இல்லை."

சொல்லிவிட்டேன். படுத்தது, பேசாதது, நேற்றுச் சொன்னது, எல்லாம். வழக்கமாக என்னைப் பேச விடாத மனுசி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தா.

"அப்பாவும் இப்பிடித்தான் படுத்தவர், மலர். நாங்களும் நாரி எண்டுதான் ஊருக்குச் சொன்னனாங்கள்."

மாமா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இறந்தவர் என்றுதான் கலியாணம் பேசிய நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

"வழுக்கி விழேல்லை. தம்பிக்குத் தெரியும். அவன்தான் முதல் கண்டவன்."

இத்தனை வருசமா இவரோடை ஒரே கட்டிலிலை படுத்திருக்கிறன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆருக்காக மறைச்சவை? நான் மட்டும் என்ன செய்தனான் — அதே பொய்யை, அதே சொல்லை எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

வெட்டும் சாமான்களையும் மருந்துப் பெட்டியையும் காரில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையில் டொக்டரிடம் நேரம் கேட்பேன். இவர் என்னோடு வரமாட்டார். வரமாட்டார் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

வந்தார்.

எட்டு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் எடுத்து, காரணம் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். இன்றைக்கே வரச் சொன்னார்கள். மேலே போய், "அக்கா மாமாவைப் பற்றிச் சொன்னவ" என்றேன். அவர் எழுந்து சப்பாத்தைத் தேடினார்.

வெளியே பிலோமினம்மா குப்பைத் தொட்டியோடு நின்றா. "என்ன தம்பி, நாரி சுகமே?"

அவர் குனிந்துகொண்டார். நான் சொன்னேன்: "நாரி இல்லை அக்கா. மனந்தான் சரியில்லை. டொக்டரிட்டப் போறம்."

அவ தொட்டியின் மூடியைத் திறந்து, மூடி, "அப்ப பிந்தாமல் போங்கோ" என்றா. எங்கள் ஒழுங்கையால் தெருவுக்குத் திரும்பியதும் அவர் சொன்னார்: "மனுசி பொழுது படமுன்னம் எல்லாருக்கும் சொல்லிப்போடும்." எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராகத் தொடங்கிய பேச்சு. "சொல்லட்டும்" என்றேன்.

டொக்டர் இளம் பெண். சாக யோசித்தாரா என்று நான் முந்தநாள் கேட்கத் துணியாததை அவள் நேராகக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியில் இருக்கட்டோ என்று எழும்பினேன்.

"இல்லை. இரும்."

இருந்தேன். அவர் தமிழில் தொடங்கினார். டொக்டருக்கு விளங்காது என்பது அவருக்கு ஞாபகம் வரச் சில வசனங்கள் ஆயின. அதுவரை அவளும் இடைமறிக்கவில்லை, நானும் மொழிபெயர்க்கவில்லை.