ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மனைவி உன் போனை என் கையில் கொடுத்தாள். தேய்த்தேன். நீ பாதியில் விட்ட நாவல் திறந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்தே வரி. ஒவ்வோர் எழுத்தும் லாரி நெற்றியில் எழுதும் சாமி பெயர் அளவுக்கு இருந்தது.

சங்ககிரியில் எட்டாவதோடு நின்றவர்களில் நாவலைக் கரைத்துக் குடித்தவன் நான்தான். எனக்கு அடுத்து நீ. ஒரே புத்தகத்தை ஆளுக்கொன்று வாங்கி அவரவர் லாரியில் வைத்துக்கொள்வோம். நான் நாக்பூரில் நின்றாலும் சாப்பாட்டு நேரத்தில் உன் போன் வரும். "நூத்திப் பத்தாம் பக்கம், கீழிருந்து மூணாவது வரி. அங்க நிக்கறேன் மாப்ள" என்பாய். முந்தியவன், மற்றவன் வந்து சேரும்வரை அந்த வரியிலேயே காத்திருக்க வேண்டும், அதுதான் நம் சட்டம். அங்கே விரல் வைத்தால் உன் விரல் எனக்குத் தட்டுப்படும். இதில் பொய்யே இல்லை.

பிறகு நீ வண்டியை விற்றுவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தாய். போனில் படிக்கத் தொடங்கினாய். என் நூற்றுப் பத்தாம் பக்கம் உனக்கு ஆயிரத்தைத் தாண்டிக் கிடந்தது. எந்த வரி என்று கேட்டால், "முப்பது பர்சென்ட்ல நிக்கறேன்" என்றாய். பர்சென்ட்டில் எவனாவது கதை படிப்பானா? காகிதத்துக்கே திரும்பி வா என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினால் கலெக்டரே இறங்கி வருவார். நீ சிரித்தாய். "காலம் மாறிப்போச்சு மாப்ள."

போனைக் கொடுத்த அன்றுதான் தங்கச்சி உண்மையைச் சொன்னாள்.

"கண்ணு மங்கிப்போச்சுங்கண்ணா. புஸ்தகத்து எழுத்துத் தெரியலீங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு. சொன்னா நீங்களே வந்து படிச்சுக் காட்டுவீங்களாமா. கதைல இல்லாததையெல்லாம் சேத்திருவீங்கன்னாரு."

துரோகி. ஊருக்கெல்லாம் மறைத்திருக்கலாம், எனக்கு மறைக்கலாமா? அப்படி என்ன சேர்த்துவிட்டேன்? எழுதியவர் அவசரத்தில் விட்ட இடத்தில் ஒரு மழை, ஒரு அடிதடி, அவ்வளவுதானே.

போன் இப்போது என் வண்டியில், என் புத்தகத்தின் மேல் இருக்கிறது. எழுத்தைச் சிறிதாக்கவில்லை. நீ நின்ற இடத்திலிருந்து, சாப்பாட்டு நேரத்தில், ஐந்தைந்து வரியாக உரக்கப் படித்து வருகிறேன். நேற்று அந்தப் பெண் ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் கட்டம் வந்தது. ஒரு மழை போட்டிருந்தால் எங்கேயோ போயிருக்கும். போடவில்லை. உள்ளதை மட்டும்தான் படித்தேன்.

நீதான் நம்ப மாட்டாயே.