ஹில்டா வீட்டு நெட்டில் இறங்கிய படம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜெர்மனியிலிருந்து ஜின்சி. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் முட்டுவலி குறைந்ததா?

ஒரு சின்னச் சங்கதி, பயப்பட வேண்டாம். போன மாதம் ஒரு தமிழ்ப் படத்தை நெட்டில் கள்ளத்தனமாக இறக்கினேன். “களியக்காவிளையில கேரளா எல்லை தாண்டியாச்சுன்னா இங்கத்த கேசு அங்க செல்லாது மக்கா” என்று அப்பா சொல்வீர்களே, அந்த தைரியம்தான். ஆனால் படக்காரர்களுக்கு இங்கேயும் வக்கீல் உண்டு. நெட் கம்பெனியிடம் விலாசம் வாங்கி, வீட்டுக்கார அம்மா ஹில்டாவுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். கனெக்‌ஷன் அவர் பெயரில்தானே. சென்னையில் எடுத்த படத்துக்கு இத்தனை தூரம் காவல் நிற்கிறார்களே என்று எனக்கு மதிப்புதான் வந்தது.

ஹில்டா அதற்கும் மேல். திட்டவே இல்லை. “படம் நல்லா இருந்ததா?” என்று கேட்டார். அந்த வக்கீலிடம் என்னோடு வந்து, “இவள் என் வீட்டுப் பெண்” என்று சொல்லி, பேசி முடித்துத் தந்தார்.

பாதி பார்த்ததோடு படத்தை அழித்துவிட்டேன். நெய்யாற்றின்கரை தியேட்டரில் இன்னும் ஓடினால் இருவரும் போய்ப் பார்த்து, முடிவை எனக்கு எழுதுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

ஜின்சி

டிக்கெட் மூன்றாக எடுங்கள் அப்பா. உங்கள் இருவருக்கும் நடுவில் என் சீட் சும்மா கிடக்கட்டும்.