சோளக்குருத்து

கோவில்பட்டி
22.9.1998

அன்புள்ள மாயகிருஷ்ணனுக்கு,

நலம். சென்னையில் உன் கதைகளுக்கு விழா எடுத்ததைப் பேப்பரில் பார்த்தேன். கல்லூரிப் போட்டியில் உனக்கு முதல் பரிசும் எனக்கு ஆறுதல் பரிசும் கிடைத்த நாளிலிருந்து எனக்கு இது பழக்கம்தான்.

இங்கே இன்னும் மழை இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. எழுத வந்தது அதுவல்ல.

நடந்ததை எழுதவும் கதைக்காரனின் கண் வேண்டும், கற்றுத்தருகிறேன் வா என்று நீதான் அழைத்தாய். வகுப்பில் உரைநடை நடத்துகிற நானும் மாணவன் மாதிரி வந்தேன். கை என்ன செய்தது என்று எழுது, ஏன் செய்தது என்று விளக்காதே என்பது உன் முதல் பாடம்.

தீப்பெட்டி ஆபீஸ் விபத்தில் இறந்த சுந்தரபாண்டியைப் பற்றிய என் கட்டுரையில், சேதி கேட்ட அவன் மனைவி பாலம்மாள் தான் மேய்த்துக்கொண்டிருந்த ஊர் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியை நீ அடித்தாய். பக்கத்தில் இளஞ்சோளம் நின்றது. அப்படியே விட்டுப் போயிருந்தால் விஷமான அந்தக் குருத்தைத் தின்று ஊர் ஆடுகள் அத்தனையும் செத்திருக்கும் என்ற வரி. வாசகன் திகைக்கட்டும் என்றாய்.

கட்டுரை பத்திரிகையில் வந்தது. திகைத்தார்கள். சுந்தரபாண்டியின் அண்ணன் இசக்கிபாண்டி அதை டீக்கடையில் உரக்க வாசித்து, புருஷனைவிட ஆடு பெரிதாகப் போனதைப் பாருங்கள் என்றிருக்கிறான். பாலம்மாள் சோளத்தைச் சொல்லியிருக்கிறாள். "அப்படின்னா சார் எழுதியிருப்பாவளே" என்றானாம். அடுத்த மாதம் சுந்தரபாண்டிக்கு முதல் வருஷத் தலைத்திவசம். மகள் முத்துசெல்வியை மட்டும் அனுப்பு, நீ வாசல் மிதிக்காதே என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று பாலம்மாள் கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் சொல்லச்சொல்ல தலைய ஆட்டிக்கிட்டே எழுதுனீங்களே சார். சோளத்த மட்டும் எங்கன போட்டீங்க?"

உன் பெயரைச் சொன்னேன். அவளுக்கு உன்னைத் தெரியவில்லை.

கதையில் வருகிற பெண் கதையோடு முடிந்துபோவாள். இவள் மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டும். இந்தப் பாடத்தை நீ நடத்தவில்லை.

பத்திரிகைக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. நீ சொன்னால் கேட்பார்கள். திவசத்துக்கு முன்னால் வரும் இதழில் நீ அடித்த அந்த வரியைத் திருத்தமாகப் போடச் சொல். அதே டீக்கடையில் நானே உரக்க வாசிக்கிறேன்.

உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். முத்துசெல்வி அம்மாவோடு அந்த வாசல் ஏறட்டும்.

இப்படிக்கு,
நவநீதகிருஷ்ணன்