எட்டு மாதமாகத் துணி மூடிய ரேடியோ

ஜன. 12, திங்கள்

பனி. ஏழரை மணிக்கும் மலை தெரியவில்லை. தொண்டை கரகரப்பு.

வேலைக்கு மேலே போக ஜீப். நான் காலை வைத்ததும் டிரைவர் முனுசாமி பாட்டை நிறுத்தினான். "அக்கா ஏறிட்டாங்க." நெல்லிவாசல் வரைக்கும் பதினோரு பேரும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனோம். எல்லார் முகத்திலும் என்னால்தான் என்ற எரிச்சல். எனக்கும் அதே எரிச்சல்தான். வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். இன்னும் என்னைக் கண்டால் ஊரே வாயை மூடிக்கொள்கிறது. வருஷம் திரும்பும்வரை சாவு வீட்டுக்காரி காதில் பாட்டு விழக்கூடாதாம்.

வாங்க: வெல்லம் (அங்கன்வாடிக்கு), ஏலக்காய், சோப்பு, பி.பி. மாத்திரை.

ஜன. 13, செவ்வாய்

அங்கன்வாடியில் பொங்கல். சாமைப் பொங்கல், நன்றாகக் குழைந்தது. பானை பொங்கும்போது பாட நானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு, ஆறு வருஷமாக. வாயைத் திறந்தேன். உதவியாளர் ஜீவா கையைப் பிடித்தாள்.

"வேணாம் டீச்சர். வருசம் திரும்பலயே. ஊர்ல இன்னா சொல்வாங்க? போன்ல போட்டுக்கலாம்."

போட்டாள். மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் குத்துப் பாட்டு. நடுவில் மனை விற்கிற விளம்பரம். சீ. பிள்ளைகள் போனைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பாடுவதுதான் என் வேலை. வாயை மூடிக்கொண்டு கரண்டியைப் பிடித்தேன். என் மேலேயே அருவருப்பு.

ஜன. 14, போகி

அரை நாள் லீவு. தெருவெல்லாம் டயர் புகை. திருப்பத்தூரில் டாக்டரம்மா. பி.பி. இறங்கவில்லை.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. மனசு லேசாகணும். பாட்டு கேப்பீங்களா?"

கேட்பேன் என்று நான் சொல்வதற்குள் கூட வந்த நா. குறுக்கே: "வருசம் திரும்பட்டும் டாக்டரம்மா." நா. என்றால் நாத்தனார், அவருடைய அக்கா. சாவுக்கு வந்தவள், துணைக்கென்று தங்கிவிட்டாள். ரேடியோவைத் துணி போட்டு மூடியது அவள்தான்.

அவர் தினமும் ஷேவ் பண்ணும்போது அந்த ரேடியோவோடு சேர்ந்து பாடுவார். சுதி சேரவே சேராது. இருபத்தாறு வருஷம் திட்டினேன். இப்போது காலை ஆறரைக்கு வீடு காலியாக இருக்கிறது, தாங்க முடியவில்லை.

ஜன. 15, பொங்கல்

எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. நான்கு வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. நான்கிலும் வெல்லம் கம்மி.

சவுண்டு செட்காரர் வாசலில் வந்து நின்றார். "குழாயத் திருப்பிக் கட்டிட்டேன்க்கா. உங்க வூட்டுக்குக் கேக்காது." பெரிய உபகாரம். நா. அவருக்குக் காபி கொடுத்தாள். பாட்டு அந்தப் பக்கம் போய்விட்டது, எனக்கு டும் டும் மட்டும். பகல் முழுக்க.

ஜன. 16

மாட்டுப் பொங்கல். தலைவலி. மாத்திரை. டும் டும்.

ஜன. 17, காணும் பொங்கல்

சாயந்திரம் பால் வாங்கப் போனேன். கோயில் பக்கம் கும்மி. நடுவில் நா. கை தட்டி, குனிந்து நிமிர்ந்து, அவள் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். நல்ல குரல் வேறு. வயிறு எரிந்தது. என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்க தம்பிதானே அண்ணி?"

"எனக்குக் காரியத்தோட முடிஞ்சிடுச்சும்மா. நீ பொண்டாட்டி. உனக்கும் எனக்கும் ஒண்ணா?"

அவளுக்குப் பதினாறு நாள். எனக்கு ஒரு வருஷம். அவர் போன அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பாயில் விழுந்துதான் அழுதோம்.

துணியை உருவி எறிந்தேன். ரேடியோவைத் திருகினேன். சத்தமே இல்லை. பின்னால் திறந்தால் பேட்டரி கசிந்து, கம்பியெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கிறது. துக்கம் என்று மூடினார்களே தவிர பேட்டரியைக் கழற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். போனது போனதுதான். அவர் தொட்ட பொருள். இதற்காகத்தான் மறுபடி அழுதேன்.

தேய்த்துக்கொண்டே பாடினேன். "சாமை பொங்குது பொங்குது, சட்டி மூடி ஆடுது." முதல் அடியிலேயே குரல் உடைந்தது. நா. வாசல் கதவைச் சாத்த ஓடினாள். "தெருவுக்குக் கேக்கப் போவுது." கேட்கட்டும். பிள்ளைகளுக்குப் பாடுவதைப் போல ஐந்து தடவை பாடினேன். அவரைப் போலவே சுதி சேரவில்லை.

ஜன. 19, திங்கள்

பனி. ஜீப். முனுசாமி கை பாட்டை நிறுத்தப் போனது.

"இருக்கட்டும்ப்பா. சத்தமா வெய்யி."

திரும்பித் திரும்பிப் பார்த்தான். வைத்தான். மகா மட்டமான பாட்டு. மலை ஏறி முடிக்கும்வரை கேட்டேன்.