அடுப்படிச் சாமியிடம் சொல்லி அனுப்பியது

10 பெப்ரவரி, செவ்வாய்

மகன் போய் எட்டு மாதம். ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் ஒரு கொண்டாட்டமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மருமகள் லின் வியட்நாம் பிள்ளை. அவர்களுடைய அடுப்படிச் சாமி இன்றைக்கு மீன்மேல் ஏறி மேலோகம் போய், வீட்டில் வருஷம் முழுக்க நடந்ததைச் சொல்லுவாராம்.

“இது கொண்டாட்டமில்லை மாமி. அவர் எப்பிடியும் போவார். வெறும் வயித்தோட அனுப்பேலாது,” என்றாள். அவளுக்குத் தமிழ் பழக்கியது என் மகன்தான்.

அவர் ஏறிப் போக உயிர்மீனை ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கமாம். இங்கே ஆறு உறைந்து கிடப்பதால் லவால் பக்கத்து வியட்நாம் கடையில் கடதாசி மீன் வாங்கி வந்தாள். நான் பயறு போட்டு, அவர்களின் ஒட்டுகிற அரிசியில் சோறு அவித்தேன். படைக்கும்போதுதான் பயம் வந்தது.

“நான் அழுதழுது கறியைக் கருக விட்டதையும் சொல்லுவாரோ?”

“சொல்லட்டும். நான் வேலையால வரேக்க ஒரு நாளும் சோறு ஆறிக் கிடக்கேல்லை எண்டதையும் சொல்லச் சொல்லுறன்.”

ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் நெடுநேரம் கதைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் மூன்று தரம் ‘மாமி’ என்றது மட்டும் கேட்டது.

என் பெயருக்குக் கோயிலில் எத்தனையோ அர்ச்சனை நடந்திருக்கிறது. என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லை மேலே சொல்லி அனுப்பியவள் இவள்தான். அங்கே அவனும் இருப்பான். கேட்டிருப்பான்.